துரித கணித வகுப்பு: பிள்ளையிடம் எதிர்பார்ப்பது என்ன, வீட்டாரிடம் கேட்பது என்ன?



தரம் 10 இற்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக நமது நலன்புரி நிலையத்தின் மூலம் துரித கணித வகுப்பு நடத்தப்படுவது உங்களுக்குத் தெரியும். இதற்குப் பெயர் பதிய வருகிறவர்கள் பெரட்டுக் களத்திலும் மடுவத்திலும் நம்மை நிறுத்தி வைத்துப் பல கேள்விகள் கேட்கிறார்கள். "எம் புள்ளைய ஏன் எடுக்கல?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். "கணக்கு ஏறாத புள்ளைய அங்க அனுப்பி என்னாங்க பிரயோசனம்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பதில் சொன்னால் பேச்சு மாறிப் போகும். ஆகவே வகுப்பின் விதிகளையும் அவற்றுக்கான காரணங்களையும் இந்த இதழில் எழுதுகிறோம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதை ஒரு முறை சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

கணக்குப் பாடம் ஏன் இத்தனை முக்கியம்?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளை பல பாடங்கள் எழுதுகிறது. அவற்றில் இரண்டு பாடங்கள் வாசற்கதவு போன்றவை. ஒன்று தாய்மொழி, மற்றது கணிதம். உயர் தர வகுப்பில் சேருவதற்கான பொதுவான தகுதி, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி, அதிலே 3 பாடங்களில் திறமைச் சித்தி என்பதாகும். அரசாங்க வேலைக்கான விளம்பரங்களைப் பார்த்தாலும் அனேகமானவற்றில் "கணிதம் உட்பட" என்ற சொல் இருக்கும். மற்றப் பாடங்களில் எவ்வளவு நல்ல பெறுபேறு இருந்தாலும், கணக்கில் விழுந்த பிள்ளைக்குப் பல கதவுகள் அந்த இடத்திலேயே மூடிப் போகின்றன.

பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியை எடுத்துக் கொள்ளுங்கள். 1990களில் தொடங்கிய அந்தக் கல்லூரியில் படித்து ஆசிரியர்களாக வெளியே வந்த தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். லயத்தில் பிறந்தவர்களே தோட்டப் பாடசாலைக்கு டீச்சராக வந்து நிற்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். அந்தக் கல்லூரிக்குப் போக உயர் தரம் வேண்டும். உயர் தரத்துக்குப் போகச் சாதாரண தரத்தில் கணக்கு வேண்டும். ஒன்றைப் பிடித்துத்தான் மற்றதில் ஏற முடியும்.

சித்தி பெற எத்தனை புள்ளி வேண்டும்?

பல பெற்றோர் கணக்குப் பரீட்சையை ஏற முடியாத மலை மாதிரி நினைக்கிறார்கள். அது எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும்.

கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாம் வினாத்தாள் 2 மணித்தியாலம். அதன் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளியாக 50 புள்ளி. பி பகுதியில் 5 வினாக்கள், ஒன்றுக்கு 10 புள்ளியாக 50 புள்ளி. இரண்டாம் வினாத்தாள் 3 மணித்தியாலம். அதில் 12 வினாக்களிலிருந்து 10 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். அதற்கு 100 புள்ளி. இரண்டு வினாத்தாள்களின் புள்ளியையும் கூட்டி இரண்டால் பிரித்தால் வருவதுதான் பிள்ளையின் புள்ளி.

75 உம் அதற்கு மேலும் என்றால் ஏ. 65 முதல் 74 வரை பி. 50 முதல் 64 வரை சி. திறமைச் சித்தி என்பது இதுதான். 35 முதல் 49 வரை எஸ், அதாவது சாதாரண சித்தி. 35 இற்குக் குறைந்தால் சித்தி இல்லை.

ஒரு பிள்ளை முதலாம் வினாத்தாளில் 25 சிறு வினாக்களில் 15 ஐச் சரியாகச் செய்தால் 30 புள்ளி. பி பகுதியில் 15 புள்ளி எடுத்தால் மொத்தம் 45. இரண்டாம் வினாத்தாளில் 25 புள்ளி எடுத்தால் இரண்டும் சேர்ந்து 70. அதில் பாதி 35. பிள்ளை சித்தி. சிறு வினாக்கள் அனேகமாக 6 ஆம் தரத்திலிருந்து படித்து வந்த சாதாரண கணக்குகளை ஒட்டியே வரும். ஆகவே "நம்ம புள்ளைக்குக் கணக்கு ஏறாது" என்று யாரும் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

"துரித" வகுப்பு என்றால் என்ன?

பாடசாலையில் தரம் 10, தரம் 11 பாடங்கள் இரண்டு வருடமாக நடக்கும். பாடத்திட்டம் பெரியது. காரணிகள், இருபடிச் சமன்பாடுகள், வட்டத் தேற்றங்கள், திரிகோண கணிதம், தாயங்கள், நிகழ்தகவு என்று வரிசையாக வரும். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் கணித ஆசிரியர் பற்றாக்குறை நெடுநாளாக இருந்து வருகிறது. ஆசிரியர் மாற்றலாகிப் போனால் புது ஆசிரியர் வரும் வரை பாடம் நின்றுவிடும். கடைசியில் பரீட்சை நெருங்கும் போது நாலைந்து பாடங்கள் தொடப்படாமலே கிடக்கும். கடந்த கால வினாத்தாள் செய்து பழக நேரம் இருக்காது.

நமது வகுப்பு தரம் 10 இன் முதலாம் தவணையில் தொடங்கும். அந்த வருட முடிவுக்குள் தரம் 10 பாடங்கள் முழுவதையும், தரம் 11 பாடங்களில் மூன்றில் ஒரு பங்கையும் முடிப்போம். தரம் 11 இன் முதலாம் தவணையோடு மிச்சப் பாடங்களும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பரீட்சை வரை வினாத்தாள் பயிற்சி மட்டுமே நடக்கும். முன்பெல்லாம் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில் நடந்தது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு அது மாதம் மாறி மாறி நடந்து வருகிறது. திகதி எப்போது வந்தாலும் பிள்ளை தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வேகம்.

வகுப்பு நேரம்: திங்கள், புதன் பிற்பகல் 3.00 முதல் 5.00 வரை. சனி காலை 8.30 முதல் 12.00 வரை. இடம், பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்திலுள்ள சமூக மண்டபம். கட்டணம் இல்லை. வினாத்தாள் பிரதி எடுக்கும் செலவை நிதியம் பார்த்துக் கொள்ளும்.

யாரைச் சேர்க்கிறோம்?

பாடசாலைத் தவணைப் பரீட்சையின் புள்ளியை மட்டும் பார்த்து நாம் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. தலைவர் சொன்னார், கங்காணி சொன்னார், கிளார்க் ஐயா சொன்னார் என்றும் சேர்ப்பதில்லை. 20 கேள்விகள் கொண்ட ஒரு சிறு சோதனை வைக்கிறோம். எல்லாம் தரம் 6 முதல் தரம் 9 வரையுள்ள பாடங்கள்தான். உதாரணத்துக்கு, "24 கிலோ கொழுந்தில் எட்டில் ஒரு பங்கு கழிவு என்றால் கழிவு எத்தனை கிலோ?" என்பது மாதிரியான கேள்விகள். 12 கேள்விக்குச் சரியான விடை எழுதும் பிள்ளை துரித வகுப்புக்கு வரலாம்.

12 இற்குக் குறைவாக எடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டோம். செவ்வாய், வியாழன் நாட்களில் அடிப்படை வகுப்பு ஒன்று நடக்கிறது. பின்னம், தசமம், சதவீதம், எளிய சமன்பாடு ஆகியவற்றை 3 மாதத்தில் அங்கே மீண்டும் படிப்பிக்கிறோம். பிறகு அந்தப் பிள்ளை சோதனையை இன்னொரு தடவை எழுதலாம்.

"ஏன் எல்லாரையும் ஒண்ணா போடக்கூடாது?" என்று கேட்கிறார்கள். பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளையை இருபடிச் சமன்பாட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தால், அது கரும்பலகையைப் பார்த்து எழுதிக் கொண்டிருக்கும், விளங்காது. இரண்டு கிழமையில் வெட்கப்பட்டு நின்றுவிடும். நின்ற பிள்ளையைத் திரும்பக் கூட்டி வருவது பெரும் பாடு. அடித்தளம் போடாமல் சுவர் எழுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இரண்டு வகுப்பாகப் பிரித்திருக்கிறோம்.

பிள்ளைகளே, உங்களிடம் எதிர்பார்ப்பது

1. நேரத்துக்கு வர வேண்டும். முதல் 10 நிமிடத்தில் முன்னைய நாளின் வீட்டுக் கணக்கைத் திருத்துவோம். பிந்தி வந்தால் அது தவறிப் போகும்.

2. அரசாங்கம் கொடுத்த பாடநூல், இரண்டு கொப்பி, பென்சில், அடிமட்டம், கவராயம், பாகைமானி கொண்டு வர வேண்டும். கொம்பாஸ் பெட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் வெட்கப்படாமல் நம்மிடம் சொல்லுங்கள். இரவல் கொடுக்க நிலையத்தில் சில பெட்டிகள் இருக்கின்றன.

3. கல்குலேட்டர் கொண்டு வரக்கூடாது. பரீட்சை மண்டபத்தில் அதற்கு அனுமதி இல்லை, மடக்கை அட்டவணைதான் கொடுப்பார்கள். கைதான் கணக்குக்குப் பழக வேண்டும். கைத்தொலைபேசி கொண்டு வந்தால் வகுப்பு முடியும் வரை மேசையில் வைத்துவிட வேண்டும்.

4. ஒவ்வொரு நாளும் வீட்டில் அரை மணித்தியாலம் கணக்குச் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணித்தியாலம் செய்வதை விட இது நல்லது. கொழுந்து தினம் தினம் எடுத்தால்தான் கை பழகும், கணக்கும் அப்படித்தான்.

5. விடையை மட்டும் எழுதாமல், செய்த வழியைப் படிப்படியாக எழுத வேண்டும். இரண்டாம் வினாத்தாளில் விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளி கிடைக்கும். வழியை எழுதாத பிள்ளை அந்தப் புள்ளியைக் கையாலே தள்ளிவிடுகிறது.

6. ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கலாம், அதை நாங்களும் விரும்புகிறோம். அடுத்தவர் கொப்பியைப் பார்த்து எழுதக்கூடாது. வீட்டுக் கணக்கு விளங்காவிட்டால் "விளங்கவில்லை" என்று எழுதிக் கொண்டு வாருங்கள். அதற்கு ஏச்சு இல்லை. பார்த்து எழுதியது தெரிந்தால் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டச் சொல்வோம்.

வரவும் விடுப்பும்

ஒரு தவணைக்கு ஏறக்குறைய 36 வகுப்புகள் நடக்கும். 29 வகுப்புக்காவது வர வேண்டும். காய்ச்சல், கேதம், ஆஸ்பத்திரி என்றால் அடுத்த வகுப்பில் சொன்னால் போதும், கடிதம் தேவையில்லை. தேர்த் திருவிழா நாளில் நாமே வகுப்பு வைக்க மாட்டோம். காமன் கூத்துக் காலத்தில் கூத்தில் வேசம் கட்டும் பிள்ளைகள் இரவு முழுக்க விழித்திருப்பது நமக்குத் தெரியும். அந்த நாட்களுக்கு முன்கூட்டியே விடுப்புக் கேட்டால் கொடுப்போம், விட்ட பாடத்தைச் சனிக்கிழமை மேலதிக நேரத்தில் சொல்லிக் கொடுப்போம்.

சொல்லாமல் தொடர்ந்து 3 வகுப்புக்கு வராவிட்டால் பெயரை வெட்ட மாட்டோம். லயத்துக்கு வந்து விசாரிப்போம். குறை சொல்ல வருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அனேகமான நேரங்களில் வராததுக்குப் பின்னால் ஒரு வீட்டுப் பிரச்சினை இருக்கிறது. ஒரு மாணவி ஒரு மாதமாகப் புதன்கிழமைகளில் மட்டும் வரவில்லை. விசாரித்தபோது, அன்றைக்குத் தாய் தூர மலையில் கொழுந்து எடுப்பதாகவும், சின்னத் தம்பியைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்றும் தெரிந்தது. புதன்கிழமை மட்டும் 5 மணி வரை பிள்ளைக் காம்பராவில் அந்தத் தம்பியை வைத்திருக்க ஏற்பாடு செய்தோம். அதன் பிறகு அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை. சொன்னால் வழி பார்க்கலாம். சொல்லாமல் நிறுத்தினால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

வகுப்பு மாற்றம் பற்றி

மாதம் ஒரு சோதனை வைப்போம். இரண்டு மாதம் தொடர்ந்து 35 இற்குக் குறைவாக எடுக்கும் பிள்ளையையும் பெற்றோரையும் அழைத்துப் பேசுவோம். பிறகு பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு அடிப்படை வகுப்புக்கு மாற்றுவோம். அங்கே ஒரு மாதச் சோதனையில் 50 எடுத்தால் திரும்ப வரலாம்.

இந்த மாற்றம் தண்டனை அல்ல. "பக்கத்து லயத்துப் புள்ள இருக்கு, ஒன்னய வெரட்டிட்டாங்க" என்று தயவு செய்து பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் பிள்ளை படிப்பையே விட்டுவிடும். சோதனைப் புள்ளிகளை நாம் சுவரில் ஒட்டுவதில்லை, பிள்ளையின் கையில் மட்டும் கொடுக்கிறோம். காரணம் இதுதான்.

வீட்டாரிடம் நாம் கேட்பது

பெற்றோருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. நான்கு காரியம் கேட்கிறோம்.

முதலாவது, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் பிள்ளைக்கு ஒரு மூலையும் வெளிச்சமும் கொடுங்கள். ஒரு காம்பராவில் எல்லாரும் இருக்கும் வீட்டில் இது லேசான காரியம் அல்ல என்பது தெரியும். அந்த நேரத்தில் டீவியை நிறுத்தி வைத்தாலே பெரிய உதவி.

இரண்டாவது, கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் சமையலும் தண்ணீர் தூக்குவதும் பெண் பிள்ளையின் தலையில் முழுதாக விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அண்ணனும் தம்பியும் கூட அரிசி கழுவலாம்.

மூன்றாவது, வகுப்பு 5 மணிக்கு முடியும். இருட்ட முன் பிள்ளைகள் வீடு சேர வேண்டும் என்றுதான் அந்த நேரம் வைத்திருக்கிறோம். மேல் டிவிசன் பிள்ளைகள் கூட்டமாகத்தான் போக வேண்டும், தனியே அனுப்ப மாட்டோம். மழை நாளில் பாதி வழிக்கு ஒருவர் வந்து கூட்டிப் போனால் நல்லது.

நான்காவது, இதுதான் முக்கியம். "கொழும்பில கடையில வேலை இருக்கு, மாசம் கையில காசு வரும்" என்று யாராவது வந்து சொன்னால், பரீட்சை முடியும் வரை பிள்ளையை அனுப்பாதீர்கள். 2016 முதல் 16 வயது வரை பிள்ளை கட்டாயம் பாடசாலைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். 2021 இல் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டத்தை விடுங்கள், வீட்டுக் கணக்கையே பாருங்கள். இடையில் போன பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை. பத்து வருடம் கழித்தும் அதே கடையில் மூட்டை தூக்கும் வேலைதான் அனேகமாகக் கிடைக்கும். கடன் நெருக்கடி என்றால் நம்மிடம் வாருங்கள், வேறு வழி இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.

இந்தக் கணக்கு வீட்டுக்கு உதவுமா?

"தாயம், கீயம் எல்லாம் படிச்சு மலையில என்னா செய்யிறது?" என்று ஒரு அப்பா சிரித்துக் கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லாப் பாடமும் நாளைக்கே உதவாது. ஆனால் சில பாடம் இன்றைக்கே உதவும்.

ஒரு மாதச் சம்பளம் 20,000 ரூபா என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடிக்கிறார்கள். அது 1,600 ரூபா. தோட்டம் 12 வீதம் போட வேண்டும். அது 2,400 ரூபா. ஆக மாதம் 4,000 ரூபா உங்கள் பெயரில் சேர வேண்டும். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம், அதாவது 600 ரூபா கட்ட வேண்டும். சம்பளச் சீட்டைப் பார்த்துப் பிள்ளை இதைக் கணக்குப் போட்டுச் சொன்னால், வீட்டுக்குள்ளேயே ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிற மாதிரி.

இன்னொன்று வட்டி. 10,000 ரூபாவை மாதம் 5 வீத வட்டிக்கு வாங்குகிறீர்கள். வருடம் ஒன்று கட்டவில்லை. எளிய வட்டி என்றால் வட்டி 6,000, மொத்தம் 16,000 ரூபா. வட்டிக்கும் வட்டி போட்டால், அதாவது கூட்டு வட்டி என்றால், மொத்தம் ஏறக்குறைய 17,960 ரூபா. வித்தியாசம் 2,000 ரூபாவுக்குக் கிட்ட. கூட்டு வட்டி தரம் 11 பாடம். அதைப் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், கடன் துண்டில் கையெழுத்து வைக்க முன் அதனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சித்தி வராவிட்டால்?

வகுப்புக்கு வந்த எல்லாரும் சித்தி பெறுவார்கள் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. முதல் தடவை வராவிட்டால் அடுத்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்தை மட்டும் எழுதலாம். அந்தப் பிள்ளைகளும் நமது வினாத்தாள் பயிற்சிக்கு வரலாம். வயது பார்க்க மாட்டோம், பழைய புள்ளியைக் கேட்டுக் கேலி செய்யவும் விட மாட்டோம்.

நமது தாத்தா பாட்டிமார் காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, பிறகு கூடைதான். 1970களில் அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுக்கத் தொடங்கிய பிறகுதான் மெல்ல மெல்ல மேல் வகுப்புகள் வந்தன. அவர்களுக்குக் கிடைக்காத ஒரு வாசல் நம் பிள்ளைகளுக்கு முன்னால் இருக்கிறது.

பெயர் பதிய விரும்புகிறவர்கள் பிள்ளையோடு சனிக்கிழமை பிற்பகலில் நலன்புரி நிலையத்துக்கு வாருங்கள். பாடசாலை முன்னேற்ற அறிக்கையைக் கொண்டு வர வேண்டும். தாயோ தகப்பனோ ஒருவர் வந்தால் போதும். அன்றைக்கு மலையில் வேலை என்றால் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள், மாலையில் லயத்துக்கே வந்து பதிந்து கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்